கல் எப்போது சாமி ஆகிறது? இந்து, சமண வழிபாட்டில் திருமேனிகள்

வேலூர்க் கோட்டைக்குள் சில நிமிட நடையில் இரண்டு இடங்களைப் பார்த்துவிடலாம். ஒன்று அரசு அருங்காட்சியகம், மற்றொன்று ஜலகண்டேசுவரர் கோயில். இரண்டிலும் கல்லில் வடித்த தெய்வ உருவங்கள் இருக்கின்றன. அருங்காட்சியகத்தில் உள்ள உருவத்தின் முன் செருப்புக் காலோடு நின்று, எந்த ஊரில் கிடைத்தது, எந்த நூற்றாண்டைச் சேர்ந்தது என்று படித்துவிட்டு நகர்கிறோம். கோயிலில் உள்ள உருவத்தின் முன்போ, வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, கைகூப்பிக் கண்ணை மூடுகிறோம். முதலாவதைச் சிலை என்கிறோம். இரண்டாவதைச் சாமி என்கிறோம். பள்ளிப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு நான் கோட்டைக்குப் போகும்போதெல்லாம் யாராவது ஒரு பிள்ளை அருங்காட்சியகத்தில் நின்று, "இதுவும் சாமிதானே சார், இதுக்கு ஏன் யாரும் விளக்கு ஏத்தல?" என்று கேட்டுவிடும். இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கு நான் சொல்ல விரும்பும் பதில். பதிலைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. பழைய வட ஆர்க்காடு மாவட்டம், அதாவது இன்றைய வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்கள், இதற்கு வேண்டிய சான்றுகள் எல்லாவற்றையும் தன் மலைகளிலும் கோயில்களிலும் வைத்திருக்கிறது.

முதலில் சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். 'சிலை' என்ற சொல்லுக்குக் கல் என்றே பழைய பொருள் உண்டு. கோயிலைச் சேர்ந்தவர்கள் கருவறையில் இருப்பதைச் சிலை என்று சொல்லிக் கேட்பது அரிது. சைவர்கள் 'திருமேனி', 'மூர்த்தி' என்பார்கள். வைணவர்கள் 'அர்ச்சை' என்றும் 'பெருமாள்' என்றும் சொல்வார்கள். சமணர்கள் 'ஜினபிம்பம்' என்பார்கள். மேனி என்றால் உடல், பிம்பம் என்றால் நிழலுரு. ஒருவர் சொல்லை மற்றவர் எடுத்தாள்வதும் உண்டு என்றாலும், உடலுக்கும் நிழலுருவுக்கும் இடையே உள்ள தூரம்தான் இந்து வழிபாட்டுக்கும் சமண வழிபாட்டுக்கும் இடையே உள்ள தூரம் என்று தொடக்கத்தில் மனத்தில் வைத்துக்கொண்டால், பின்னால் வருவதெல்லாம் எளிதாக விளங்கும்.

மூலவர் இல்லாதிருந்த கோயில்

ஜலகண்டேசுவரர் கோயில் 16ஆம் நூற்றாண்டில், விஜயநகர ஆட்சிக் காலத்தில் எழுந்தது. அதன் கல்யாண மண்டபத்துத் தூண்களில் பாயும் குதிரைகளையும் யாளிகளையும் பார்ப்பதற்கென்றே வெளியூர்களிலிருந்து மக்கள் வருகிறார்கள். ஆனால் கோட்டை ஒரு படையிடமிருந்து இன்னொரு படைக்கு மாறிக்கொண்டே இருந்த காலத்தில் கோயிலில் பூசை நின்றுபோனது. கருவறை வெறுமையாயிற்று. 1806ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் கோட்டைக்குள் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தபோதும், நாடு விடுதலை பெற்றபோதும், அதன்பின் முப்பது ஆண்டுகளுக்கு மேலும் இங்கே மூலவர் இல்லை. கோபுரம் இருந்தது, மண்டபம் இருந்தது, தூண்தோறும் தெய்வ உருவங்கள் இருந்தன. தொல்லியல் துறை அவற்றைப் பாதுகாத்தது. பயணிகள் வந்து வியந்துவிட்டுப் போனார்கள். ஆனால் ஊர்க்காரர்கள் அதை 'சாமி இல்லாத கோயில்' என்றே சொன்னார்கள். 1981ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், சத்துவாச்சாரியில் வைத்து வழிபடப்பட்டு வந்த லிங்கத் திருமேனி கோட்டைக்குள் கொண்டுவரப்பட்டுக் கருவறையில் நிறுவப்பட்டது. அன்று முதல் அது மறுபடியும் கோயிலானது.

தூண்தோறும் தெய்வ உருவங்கள் இருந்தும் அது சாமி இல்லாத கோயிலாக இருந்தது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். உருவம் இருப்பது மட்டுமே வழிபாட்டுக்குப் போதுமென்றால், அந்த மண்டபத்தில் நாள் முழுக்க விளக்கு எரிந்திருக்க வேண்டும். மரபு அப்படிக் கருதுவதில்லை. தூணில் உள்ள உருவம் அணி. கருவறையில் முறைப்படி நிறுவப்பட்டதே திருமேனி. அந்த நிறுவுதலுக்குப் பெயர் பிரதிஷ்டை.

கல்லிலிருந்து திருமேனி வரை

பிரதிஷ்டையைப் பற்றிப் பேசும்போது பலரும் கும்பாபிஷேக நாளில் கோபுரக் கலசத்தின் மேல் நீர் ஊற்றுவதை மட்டுமே நினைக்கிறார்கள். அது கடைசிக் கட்டம். தொடக்கம் கல்லைத் தேர்ந்தெடுப்பதில் இருக்கிறது. தட்டிப் பார்த்து எழும் ஓசையைக் கொண்டு கல்லை ஆண் கல், பெண் கல், அலிக் கல் என்று சிற்ப நூல்கள் பிரிக்கின்றன. மணியோசை போல் கணீரென்று ஒலிப்பது ஆண் தெய்வங்களுக்கு, மென்மையாக ஒலிப்பது பெண் தெய்வங்களுக்கு, ஓசையில்லாதது தளம் போன்ற பிற வேலைகளுக்கு என்பது பொதுவான முறை. உலோகத் திருமேனியானால் மெழுகில் முதலில் உருவம் செய்து, அதன் மேல் வண்டல் மண்ணைப் பூசிக் காயவைத்து, சூடாக்கி மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு, அந்த வெற்றிடத்தில் உலோகக் குழம்பை ஊற்றுவார்கள். ஒவ்வொரு முறையும் மண் அச்சை உடைத்துத்தான் உருவத்தை வெளியே எடுக்க வேண்டியிருப்பதால், ஒரே அச்சில் இரண்டு திருமேனிகள் பிறப்பதில்லை.

சிற்பி வேலையை முடித்ததும் அது சாமி ஆகிவிடுவதில்லை. புதிய உருவத்தை நீரில் வைப்பார்கள், இது ஜலாதிவாசம். பிறகு நெல் முதலான தானியங்களில் புதைத்து வைப்பார்கள், இது தானியாதிவாசம். பின்னர் படுக்கையில் கிடத்துவது சயனாதிவாசம். நீரில் வைத்தால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் வெளிப்படும் என்று சிற்பிகள் ஒரு நடைமுறைக் காரணம் சொல்வதுண்டு. எனக்கோ, வயிற்றில் கிடந்து பிறக்கும் குழந்தையின் நினைவுதான் வரும். அதன்பின் கண் திறத்தல். ஸ்தபதி, அதாவது தலைமைச் சிற்பி, பொன் ஊசி போன்ற கருவியால் விழியின் கோட்டைத் தீட்டி முடிப்பார். திறந்த கண் முதலில் மங்கலமானவற்றைக் காண வேண்டும் என்பதற்காகக் கன்றோடு பசு, கண்ணாடி, தானியக் குவியல், கன்னிப் பெண்கள் என்று எதிரே நிறுத்திவைப்பார்கள்.

இதற்கிடையே யாகசாலையில் நீர் நிறைந்த கும்பங்களில் தெய்வத்தை எழுந்தருளச் செய்கிறார்கள். இதை ஆவாகனம் என்கிறோம். யாகசாலையிலிருந்து கருவறை வரை ஒரு நீண்ட தர்ப்பைக் கயிறு கட்டப்பட்டிருப்பதைப் பலர் பார்த்திருப்பீர்கள். நூலும் வெள்ளிக் கம்பியும் சேர்த்துக் கட்டுவதும் உண்டு. மண்டபத்துக் கூட்டத்தின் தலைக்கு மேலே அது தொய்ந்து போகும். குனிந்து போகச் சொல்லி ஒருவர் கத்திக்கொண்டே இருப்பார். அதற்கு நாடிசந்தானம் என்று பெயர். கும்பத்திலும் அக்கினியிலும் உள்ள ஆற்றல் அந்தக் கயிற்றின் வழியே திருமேனிக்குச் செல்கிறது என்பது கருத்து. கடைசியாகக் கும்ப நீர் திருமேனியின் மேல் ஊற்றப்படும்போது ஆவாகனம் நிறைவு பெறுகிறது. அதன்பின் 48 நாள் மண்டலாபிஷேகம் நடக்கிறது.

கருவறைக்குள் நடக்கும் இன்னொரு வேலையை வெளியே நிற்பவர்கள் காண்பதில்லை. மூலவரைப் பீடத்தோடு இணைக்கச் சாத்தப்படும் மருந்து அது. அட்டபந்தனம் என்பார்கள். கொம்பரக்கு, குங்கிலியம், சுக்கான்கல், கற்காவி, செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் என எட்டுப் பொருள்களைச் சேர்த்து இடிப்பார்கள். இடிக்க இடிக்க அது இளகி, கையில் மாவு போல் உருட்ட வரும். நிறுத்தினால் இறுகத் தொடங்கிவிடும். ஆகவே ஆள் மாற்றி ஆள் இடித்துக்கொண்டே இருக்க, சூடு ஆறுவதற்குள் கயிறு போல் திரித்துப் பீடத்தின் சந்தில் வைத்து அழுத்துவார்கள். இறுகிய பிறகு அபிஷேக நீர் உள்ளே இறங்காது, திருமேனி அசையாது. 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை கும்பாபிஷேகம் செய்வதற்கு இந்த மருந்தின் ஆயுளும் ஒரு காரணம்.

வடிவம் எதற்கு?

கடவுளுக்கு உருவம் உண்டா என்ற கேள்விக்குச் சைவம் நேராக ஒரு விடை சொல்கிறது. இறைவன் அருவம், உருவம், இரண்டும் கலந்த அருவுருவம் என மூன்று நிலைகளில் அருள் செய்கிறான். நடராசர் உருவம்; லிங்கம் அருவுருவம். லிங்கத்துக்கு வடிவம் உண்டு, ஆனால் முகமோ கையோ காலோ இல்லை. நாம் பார்ப்பது அதன் மேல் பகுதியை மட்டுமே. சதுரமான அடிப்பகுதி பிரம்ம பாகம் என்று பீடத்துக்குள் இருக்கும். எட்டுப் பட்டை கொண்ட நடுப்பகுதி விஷ்ணு பாகம் என்று, லிங்கத்தைச் சுற்றியுள்ள ஆவுடையாருக்குள் இருக்கும். உருண்டையான உருத்திர பாகமே வெளியே தெரியும். இந்த விளக்கத்தைக் கேட்டபின் கருவறையில் நின்று பார்த்தால், காண்பதைவிடக் காணாததே அதிகம் என்பது புரியும்.

வைணவம் இதை வேறு விதமாகச் சொல்கிறது. வைகுண்டத்தில் இருக்கும் பரம், பாற்கடலில் உள்ள வியூகம், இராமனாகவும் கண்ணனாகவும் வந்த விபவம், உயிர்களுக்குள் உறையும் அந்தர்யாமி, கோயிலில் நிற்கும் அர்ச்சை என்று இறைவனின் நிலைகள் ஐந்து. முதல் நான்கும் நம் கைக்கு எட்டாதவை. ஒன்று மிகத் தொலைவு, ஒன்று முடிந்துபோன காலம், ஒன்று யோகிகளுக்கே காட்சி தருவது. அர்ச்சை மட்டுமே யாரும் பார்க்கக்கூடியது. இறைவன் அதில் தன்னைப் பக்தனின் கைக்குள் கொடுத்துவிடுகிறான். குளிப்பாட்டினால் குளிக்கிறான், ஊட்டினால் உண்கிறான். சோளிங்கரில் ஆயிரத்துக்கு மேற்பட்ட படிகளை ஏறிப் போய் யோக நரசிம்மரைச் சேவிப்பவர்கள், கார்த்திகை மாதத்தில் அவர் கண் திறந்து பார்க்கிறார் என்று சொல்வது இந்த நம்பிக்கையின் நீட்சிதான்.

எனவே கோயிலில் நடக்கும் அன்றாடப் பூசை என்பது உடலோடு இருக்கும் ஒருவருக்குச் செய்யும் பணிவிடை. காலையில் பள்ளியெழுச்சி, நீராட்டு, ஆடை, அணிகலன், உணவு, இரவில் பள்ளியறை. விருந்தினருக்கும் அரசருக்கும் செய்யும் உபசாரங்கள்தாம் அவை. மூலவர் இடம்விட்டுப் பெயர்வதில்லை. வெளியே வருவதற்கென்று உலோகத்தில் உற்சவர் இருக்கிறார். அவர் வீதிக்கு வருவது, படியேறி வர முடியாத முதியவர்களும் நோயாளிகளும் தங்கள் வாசலிலேயே கண்டு வணங்குவதற்காக என்று சொல்வது வழக்கம். அது உண்மைதான். ஆனால் கோயில் நுழைவுச் சட்டங்கள் வரும் வரை, கோபுர வாசலைத் தாண்டவே விடப்படாதவர்கள் இந்த ஊர்களில் ஏராளமாக இருந்தார்கள் என்பதும், தேர் திரும்பாத தெருக்கள் இருந்தன என்பதும் அதே அளவு உண்மை. திருமேனியின் பெருமையைப் பேசும் கட்டுரை இதைச் சொல்லாமல் விட்டால் அது நேர்மையாகாது.

நிலைத்த கல்லில்தான் தெய்வம் வரும் என்பதும் இல்லை. வீட்டில் எந்தச் சடங்கானாலும் முதலில் ஒரு பிடி மஞ்சளைக் குழைத்துப் பிள்ளையார் பிடித்து, அறுகம்புல் வைத்து அழைக்கிறோம். சடங்கு முடிந்ததும் வடக்கே சற்று நகர்த்தி விடைகொடுத்துவிட்டு, அந்த மஞ்சளைக் கரைத்துவிடுகிறோம். அழைத்தால் வருவதும் விடைகொடுத்தால் போவதும் அங்கே அரை மணி நேரத்தில் நடக்கின்றன. இதையே ஊர் முழுதும் கூடிச் செய்வதைக் காண வேண்டுமானால், வைகாசி முதல் நாள் குடியாத்தம் போக வேண்டும். கெங்கையம்மன் சிரசுத் திருவிழா அன்றுதான். அம்மனின் தலை மட்டும், மாலைகளுக்குள் முகம் மறையும் அளவுக்குப் பூச்சுமையோடு, தெருத் தெருவாக வருகிறது. வழியெங்கும் தேங்காய் உடைபடுகிறது. கோயிலை அடைந்ததும் அந்தத் தலை அங்கே காத்திருக்கும் உடலோடு பொருத்தப்பட்டுக் கண் திறக்கப்படுகிறது. இரேணுகாதேவியின் வெட்டுண்ட தலை வேறொரு பெண்ணின் உடலில் சேர்க்கப்பட்ட கதையை அது கண்முன் நிறுத்துகிறது. மாலையில் தலை மறுபடியும் பிரிக்கப்படும். ஆகமக் கோயிலின் கண் திறத்தலும் இதுவும் ஒரே கருத்தின் இரண்டு வடிவங்கள். ஒன்று 12 ஆண்டுகளுக்கு நிற்க வேண்டும். மற்றொன்று ஒரு பகலுக்கு நின்றால் போதும்.

வராதவரின் உருவம்

போளூருக்கு அருகே உள்ள திருமலைக்குப் போனால், நாம் இதுவரை சொன்னவற்றில் பாதி அப்படியே இருக்கும், பாதி தலைகீழாகும். மலையடிவாரத்தில் குந்தவை ஜினாலயம் இருக்கிறது. முதலாம் இராசராசனின் தமக்கை குந்தவை எடுப்பித்த சமணக் கோயில் என்பதால் அந்தப் பெயர். மலையில் பாறையிலேயே செதுக்கப்பட்ட நேமிநாதர் நிற்கிறார். உயரம் சுமார் 16 மீட்டர். அருகில் நின்று அண்ணாந்து பார்த்தால் முழங்காலுக்கு மேலே முகம் தெரிவதற்குள் கழுத்து வலித்துவிடும். உடலில் ஆடையோ அணிகலனோ இல்லை. கைகள் இரண்டும் உடலைத் தொடாமல் நேராகத் தொங்குகின்றன. கண்கள் யாரையும் பார்க்கவில்லை.

அந்தப் பார்வைதான் செய்தி. சமணத்தில் உலகைப் படைத்துக் காக்கும் கடவுள் இல்லை. வழிபடப்படுபவர்கள் 24 தீர்த்தங்கரர்கள். மனிதராய்ப் பிறந்து, விருப்பு வெறுப்பை வென்று, வினைகளை அறுத்து, பிறருக்கு வழி காட்டிவிட்டு வீடுபேறு அடைந்தவர்கள். அவர்கள் உலகின் உச்சியில் சித்த நிலையில் இருக்கிறார்கள். அங்கிருந்து திரும்பி வருவதில்லை. மந்திரம் சொன்னாலும், கும்பம் வைத்தாலும், எத்தனை நாள் விரதம் இருந்து அழைத்தாலும் வரமாட்டார்கள். வந்தால், விருப்பு வெறுப்பை வென்றவர் என்ற சொல்லுக்கே பொருள் இல்லாமல் போய்விடும். ஆகவே அந்தக் கல்லுக்குள் நேமிநாதர் இல்லை. வேண்டியதைத் தருபவரும் அவர் அல்லர்.

பிறகு எதற்காகப் பால் ஊற்றுகிறார்கள், பூச்சாத்துகிறார்கள் என்று கேட்கத் தோன்றும். இதைப் புரிந்துகொள்வதில்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். சமண விளக்கம் இதுதான்: வழிபாட்டின் பயன் வணங்கப்படுபவரிடமிருந்து வருவதில்லை, வணங்குபவரின் உள்ளத்தில் விளைகிறது. ஆசையற்ற ஒருவரின் உருவத்தை நாள்தோறும் கண்ணாரக் காண்பதால் நம் ஆசை சற்றே தணிகிறது. அந்த நற்சிந்தையால் வினை உதிர்கிறது. அவருடைய குணங்களை நானும் அடைய வேண்டும் என்பதற்காகவே வணங்குகிறேன் என்பது சமணர்களின் புகழ்பெற்ற வேண்டுதல். இந்துக் கோயிலில் திருமேனி விருந்தினருக்கான உடல் என்றால், ஜினாலயத்தில் பிம்பம் நாம் ஆக வேண்டியதைக் காட்டும் கண்ணாடி.

அதனால்தான் எல்லாத் தீர்த்தங்கரர்களின் முகமும் ஏறக்குறைய ஒன்றுபோல் இருக்கிறது. வீடுபேறு அடைந்தவர்களிடையே வேறுபாடு இல்லை. நிலைகள் இரண்டே இரண்டு: சம்மணமிட்டு ஒரு கைமேல் ஒரு கை வைத்து அமர்ந்திருக்கும் தியான நிலை, அல்லது நேராக நின்று உடலை மறந்திருக்கும் காயோத்சர்கம். யார் யாரென்று அறிய இலாஞ்சனம் என்னும் அடையாளத்தைப் பார்க்க வேண்டும். ஆதிநாதருக்கு எருது, சந்திரபிரபருக்குப் பிறைநிலவு, நேமிநாதருக்குச் சங்கு, மகாவீரருக்குச் சிங்கம். பார்சுவநாதருக்கு இது பெரும்பாலும் தேவையில்லை. தலைக்கு மேல் படமெடுத்து நிற்கும் நாகமே அவரைக் காட்டிக்கொடுத்துவிடும். தலைக்கு மேலே மூன்று குடைகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தால் அது அருகன், அதாவது தீர்த்தங்கரர், உருவம் என்று உறுதியாகச் சொல்லலாம். முக்குடை என்பது அதற்குத் தமிழ்ப் பெயர்.

பிரதிஷ்டையும் இதற்கேற்ப மாறுகிறது. இந்து முறையில் தெய்வம் கும்பத்திலிருந்து திருமேனிக்கு வருகிறது. சமண முறையில் தீர்த்தங்கரரின் வாழ்க்கை அந்த உருவத்தின் மேல் நிகழ்த்திக் காட்டப்படுகிறது. கருவில் தோன்றியது, பிறந்தது, துறவு பூண்டது, முற்றறிவாகிய கேவல ஞானம் பெற்றது, வீடு அடைந்தது என்னும் ஐந்து மங்கல நிகழ்ச்சிகளையும் நடத்துவதால் அதற்குப் பஞ்சகல்யாணம் என்று பெயர். பிறந்த நிகழ்ச்சியின்போது, குழந்தைத் தீர்த்தங்கரரை இந்திரன் மேரு மலைக்கு எடுத்துப்போய் நீராட்டியதை நினைத்து அபிஷேகம் செய்வார்கள். அன்றாட அபிஷேகத்துக்கும் அதுவே பொருள்: நீராட்டுபவர் அந்த நேரத்துக்கு இந்திரன்.

ஆடையற்ற துறவிகளைக் கொண்ட பிரிவான திகம்பர முறைப்படி எட்டுப் பொருள்களை அருச்சனையில் படைப்பார்கள்: நீர், சந்தனம், அட்சதை, மலர், நைவேத்தியம், தீபம், தூபம், கனி. இங்கே நம் பழக்கத்துக்கு நேர்மாறான ஒன்று உண்டு. சமண நூல்முறைப்படி படைத்ததைப் பிரசாதமாகத் திரும்பப் பெறுவதில்லை. கொடுத்தது விட்டுவிட்டதன் அடையாளம். விட்டதை மீண்டும் கையில் வாங்குவது முறையல்ல. ஜினாலயத்தில் பச்சரிசியைப் பலகையில் பரப்பி விரலால் கோலம் போல் வகுப்பதைப் பார்த்திருக்கிறேன். கீழே ஒரு சுவஸ்திகம்: தேவர், மனிதர், விலங்கு, நரகர் என்ற நான்கு பிறவிகள். அதற்கு மேல் மூன்று சிறு குவியல்கள்: நற்காட்சி, நல்ஞானம், நல்லொழுக்கம். உச்சியில் ஒரு பிறை, அதில் ஒரு புள்ளி: சித்தர் உலகமும் அங்கே சேர்ந்த உயிரும். ஒரு கைப்பிடி அரிசியில் அந்த மதத்தின் சாரம் முழுவதும் அமர்ந்துவிடுகிறது.

ஆனால் மக்கள் குறையைச் சொல்லி அழவும், பிள்ளைவரம் கேட்கவும் யாராவது வேண்டுமே. சமணத்தில் அந்த இடத்தை இயக்கியர் நிரப்புகிறார்கள். ஒவ்வொரு தீர்த்தங்கரருக்கும் காவலாக ஓர் இயக்கனும் ஓர் இயக்கியும் உண்டு. இவர்கள் வீடுபேறு பெறாத தேவர்கள். ஆகவே பக்தரின் குரலுக்குச் செவிசாய்க்க முடியும். நேமிநாதரின் இயக்கியான அம்பிகையைத் தமிழ்ச் சமணர்கள் தருமதேவி என்று அன்போடு வணங்குகிறார்கள். ஆர்க்காட்டுக்கு அருகே, பாண்டவர்களுக்கும் தனக்கும் தொடர்பில்லாமலே பஞ்சபாண்டவர் மலை என்று பெயர் பெற்றுவிட்ட திருப்பான்மலையில், பல்லவன் நந்திவர்மனின் 50ஆம் ஆட்சியாண்டில் நாகநந்தி என்ற ஆசிரியரின் உருவத்தோடு பொன்னியக்கியார் என்னும் இயக்கியின் உருவமும் செதுக்கப்பட்டதாகக் கல்வெட்டு சொல்கிறது. அதே மலையில் முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டு ஒன்றும் உண்டு. இலாடராசன் வீரசோழன் என்னும் சிற்றரசன், தன் மனைவி கேட்டுக்கொண்டபடி, 'கற்பூரவிலை' என்ற வருவாயை அங்கிருந்த பள்ளிக்கே, அதாவது சமணர் உறைவிடத்துக்கே, விட்டுக்கொடுத்த செய்தி அது. வீடு அடைந்தவருக்குக் கற்பூரம் வேண்டாம். ஆனால் அதை ஏற்ற மக்களுக்கு மனம் இருந்தது, அதற்கு ஓர் அரசி பரிந்துபேசியிருக்கிறாள். இந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அவள் மேல் மதிப்பு கூடுகிறது.

இரண்டு வழிபாடுகளும் ஒரே பாறையைப் பங்கிட்டுக்கொண்டதைப் பார்க்க வள்ளிமலைக்குப் போகலாம். முருகனைத் தேடிப் படியேறுபவர்கள் வள்ளி பிறந்த மலை என்று ஏறுகிறார்கள். அதே மலையில், பாறை குடை விரித்தாற்போல் நீண்டிருக்கும் இடத்தில், அமர்ந்த நிலைத் தீர்த்தங்கரர்கள் வரிசையாகப் புடைப்புருவங்களாக இருக்கிறார்கள். கங்க மன்னன் இராசமல்லன் அங்கே சமணப் பள்ளி அமைத்ததையும், அச்சணந்தி என்ற துறவியார் உருவம் செதுக்குவித்ததையும் கல்வெட்டுகள் கூறுகின்றன. மேலே வரம் தரும் முருகன், இங்கே எதையும் தராத அருகன். நின்று பார்க்கத் தெரிந்தவர்களுக்கு இரண்டு முகங்களிலும் உள்ள புன்னகையின் வேறுபாடு தெரியும்.

உருவம் வேண்டாம் என்ற குரல் இரு மதங்களுக்குள்ளும் எழுந்திருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். நட்ட கல் பேசுமா என்று கேட்டார் சிவவாக்கியர். வெள்ளாடைத் துறவிகளைக் கொண்ட சுவேதாம்பரச் சமணத்தில் தானகவாசிகள், தேராபந்தியர் என்னும் உட்பிரிவினர் உருவ வழிபாட்டை ஏற்பதில்லை. இவர்களும் தத்தம் மரபின் உள்ளே நின்று பேசியவர்களே. உருவத்தை வணங்குபவர்கள் கல்லையே கடவுள் என்று நினைக்கிறார்கள் என்ற பொதுவான குற்றச்சாட்டுக்கோ, மரபே தன் நடைமுறையில் ஒரு விடை வைத்திருக்கிறது. அதன் பெயர் பாலாலயம்.

கோயிலில் திருப்பணி தொடங்குமுன், திருமேனியில் உள்ள ஆற்றலைக் கும்பத்துக்கு மாற்றி, அங்கிருந்து ஒரு மரப்பலகையில் எழுதிய உருவத்துக்கு மாற்றிவிடுவார்கள். அத்திப் பலகை என்றால் சிறப்பு. வேலை முடியும் வரை பூசையெல்லாம் அந்தப் பலகைக்குத்தான். காட்பாடிக்கு அந்தப் பக்கம் எங்கள் பாட்டியின் ஊரில், எனக்குப் பத்து வயதிருக்கும்போது பெருமாள் கோயிலில் பாலாலயம் செய்திருந்தார்கள். பாட்டி என் கையைப் பிடித்து, மண்டபத்தின் ஓரத்தில் வைத்திருந்த பலகையிடம் கூட்டிப்போய், "சேவிச்சுக்கோடா கண்ணு" என்றார். எனக்கோ கருவறைமேல் கண். கதவு திறந்து கிடந்தது. உள்ளே மின்விளக்கு வெளிச்சத்தில், அழுக்கு வேட்டி கட்டிய ஒருவர் பீடத்தின் மேல் ஒரு காலை ஊன்றி நின்றுகொண்டு, பெருமாளின் பாதத்தைச் சுற்றியிருந்த பழைய மருந்தை உளியால் கொத்தி எடுத்துக்கொண்டிருந்தார். "பாட்டி, சாமி மேல கால் வைக்கிறாரு" என்றேன். பாட்டி அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அது இப்போ கல்லுடா. பெருமாள் இங்க இருக்காரு" என்று பலகையைக் காட்டிவிட்டு, தன் கைத்துளசியை அதன் முன் வைத்தார்.

சில மாதங்கள் கழித்துக் கும்பாபிஷேகத்துக்கு மறுபடியும் போனோம். அந்த ஸ்தபதியும் வந்திருந்தார். வெள்ளை வேட்டி, தோளில் புதுத் துண்டு. பாதத்தைச் சுற்றிப் புது மருந்து சாத்தியதும் அவர்தான், கண்ணைத் தீட்டியதும் அவர்தான். கும்ப நீர் ஊற்றியாயிற்று, திரை விலகிற்று, மணி அடித்தது. இனி கருவறைப் படியை அவர் தாண்டக் கூடாது. எங்களுக்கு முன்னால் வரிசையில் நின்று, எட்டிப் பார்த்துச் சேவித்துவிட்டு, தீர்த்தத்துக்குக் கையை நீட்டினார்.